தமிழ் வரைகதைகளில் மீநாயகரும் இனச் சித்தரிப்பும்

தமிழ் வரைகதைகளில் மீநாயகரும் இனச் சித்தரிப்பும் என்பது, தமிழில் வெளிவந்த படக்கதைகளில் இயல்பு கடந்த ஆற்றல் யாருக்கு வாய்க்கிறது, அது யார் மீது எந்த உரிமையில் செலுத்தப்படுகிறது, வெவ்வேறு இன மக்கள் அக்கதைகளில் எவ்வாறு வரையப்படுகின்றனர் ஆகிய வினாக்களைப் பற்றியதாகும். தமிழ் வாசகர் அறிந்த மீநாயகர்களுள் பெரும்பாலோர் பிரித்தானிய, அமெரிக்கக் கதைகளிலிருந்து மொழிபெயர்ப்பாக வந்தவர்கள். அக்கதைகளில் ஆற்றல் உடையவர் வெள்ளையராகவும், அவ்வாற்றலுக்கு அஞ்சுவோரும் அதனால் காக்கப்படுவோரும் பல வேளைகளில் ஆப்பிரிக்க அல்லது ஆசிய மக்களாகவும் இருந்தனர். இந்தியப் பதிப்பாளர்கள் இந்தியரைப் புண்படுத்தக்கூடிய பெயர்களை மாற்றினர். ஆப்பிரிக்கரைப் பற்றிய சித்தரிப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டனர். இவ்வேறுபாடே இப்பொருளின் மையம் எனலாம்.

சொற்கள்

ஆங்கிலத்தில் காமிக்ஸ் எனப்படுவது தமிழில் படக்கதை, சித்திரக்கதை, வரைகதை என்று பலவாறு வழங்குகிறது. பேச்சு வழக்கிலும் இதழ்ப் பெயர்களிலும் காமிக்ஸ் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. சூப்பர் ஹீரோ என்பதற்கு மீநாயகன், மீவீரன் ஆகிய சொற்கள் ஆளப்படுகின்றன.

ஆனால் தமிழ் வாசகரிடையே இப்பாத்திர வகைக்கு முதலில் வேரூன்றிய பெயர் மாயாவி என்பதாகும். இது புதுச்சொல் அன்று. இராமாயணத்தில் வாலியுடன் பொருது குகைக்குள் மாண்ட அசுரனின் பெயர் மாயாவி. மாயம் செய்வோன், உருமறைவோன், ஏமாற்றுவோன் ஆகிய மூன்று பொருளும் அச்சொல்லில் உள்ளன. எனவே மீநாயகன் என்ற சொல்லில் இல்லாத ஓர் ஐயம் மாயாவி என்ற சொல்லில் தொடக்கத்திலேயே உண்டு: இவன் நல்லவனா, அல்லவா?

இனம் என்ற தமிழ்ச் சொல்லும் கவனத்திற்குரியது. மொழியினம், குலம், உலக மக்களின் பெரும்பிரிவு, விலங்கு வகை ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். மேற்கு நாடுகளில் நிறத்தை ஒட்டி எழுந்த இனப் பாகுபாடு தமிழ்ச் சூழலில் சாதியோடும் தோல் நிறத்தோடும் கலந்தே புரிந்துகொள்ளப்படுகிறது.

ஆற்றல் பற்றிய மரபுக் கருத்துகள்

வரைகதைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, இயல்பு கடந்த ஆற்றலின் நன்மை தீமை பற்றிய கதைகள் தமிழகத்தில் வழங்கின. புராணங்களில் ஆற்றல் தவத்தால் பெறப்படும் வரமாகும். தவம் செய்தவன் அசுரன் ஆயினும் வரம் மறுக்கப்படுவதில்லை. தொட்டவர் தலை சாம்பலாகும் வரம் பெற்ற பஸ்மாசுரன் இறுதியில் தன் தலையிலேயே கைவைத்து அழிகிறான். சித்தர் மரபு அணிமா முதலிய எட்டுச் சித்திகளைக் கூறினாலும், அவற்றில் மயங்கி நிற்பவன் வீடுபேற்றை அடையான் என்றும் எச்சரிக்கிறது.

யாருக்கு ஆற்றல் தகும் என்ற வினா இம்மரபில் பிறப்போடு பிணைந்திருந்தது. மகாபாரதத்தில் வேடர் குலத்து ஏகலைவன் தானே கற்ற வில்வித்தையைக் கட்டைவிரலோடு இழக்கிறான். வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் தவம் செய்த குற்றத்திற்காகச் சூத்திரனான சம்புகன் இராமனால் கொல்லப்படுகிறான். இரண்டிலும் ஆற்றல் தவறாகப் பயன்படுத்தப்படவில்லை. ஆற்றலைப் பெற்றதே தவறாகக் கொள்ளப்பட்டது. மேற்கத்திய மீநாயகக் கதைகளில் இனம் வகிக்கும் இடத்தை இங்கே பிறப்பு வகிக்கிறது என்பது ஒப்பிடத்தக்கது.

கருப்பசாமி போன்ற ஊர்க்காவல் தெய்வங்கள் இதற்கு மாறான வழக்கைக் காட்டுகின்றன. பெயரிலேயே கறுப்பை உடைய இத்தெய்வம் அரிவாள் ஏந்தி எல்லையைக் காக்கிறது. பொய்ச்சத்தியம் செய்தவனைத் தண்டிக்கிறது என்று நம்பப்படுகிறது. முகமூடி அணிந்த காவலனைத் தமிழ் வாசகர் வியப்பின்றி ஏற்றதற்கு இத்தகைய நம்பிக்கைகளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரும்புக்கை மாயாவி

சிவகாசியில் சௌந்தரபாண்டியனால் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 இல் இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் வெளிவந்தது. இதன் மூலம் பிரித்தானிய வார இதழான வேலியண்ட்டில் 1962 அக்டோபரில் தொடங்கிய ஸ்டீல் க்ளா என்னும் தொடராகும். முதலில் எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னர் டாம் டல்லி எழுதினார்.

கதைநாயகனான லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் இழந்த கைக்கு மாற்றாக இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மற்றொரு விபத்திற்குப் பின், மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக்கை மட்டும் வெளியே தெரிகிறது. இவ்வாற்றல் கிடைத்ததும் அவன் செய்யும் முதல் வேலை குற்றம். கொள்ளையிலும் அச்சுறுத்தலிலும் இறங்கி நகரங்களை நடுங்கச் செய்கிறான். விபத்தால் மனம் பேதலித்திருந்தான் என்று பிற்பாடு விளக்கம் தரப்படுகிறது. அதன் பின்னரே அவன் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகி நன்மையின் பக்கம் சேர்கிறான்.

அதே 1962 இல், இரு மாதங்கள் முன்னதாக, அமெரிக்காவில் ஸ்பைடர் மேன் அறிமுகமானார். பேராற்றல் பெற்றவனுக்குப் பெரும் பொறுப்பும் உண்டு என்ற கருத்து அக்கதையின் முதல் இதழிலேயே சொல்லப்பட்டது. ஆற்றலைத் தன்னலத்திற்குப் பயன்படுத்திய இளைஞன் பெரியப்பாவின் கொலையால் திருந்துகிறான். கிராண்டெல் திருந்துவதற்கு இப்படி ஓர் அறநிகழ்ச்சி இல்லை. அவன் நோயாளியாக இருந்து குணமடைகிறான், அவ்வளவே. அறிவியல் தந்த ஆற்றல் மனிதனைக் கெடுக்கும் என்ற பழைய ஆங்கிலக் கருத்து இதில் தெரிகிறது. எச். ஜி. வெல்ஸ் 1897 இல் எழுதிய புதினத்தில் உருமறைந்தவன் கொலைகாரனாகிறான். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பிளேட்டோ தம் குடியரசு நூலில் கூறும் கைஜீசின் மோதிரம் இதே வினாவை எழுப்புகிறது: எவரும் காணமாட்டார் என்றால் அறவழியில் நிற்பவர் எவர்?

கிராண்டெல் முழுமையாக மறைவதில்லை என்பதே இக்கதையின் சிறப்பு. கை தெரிகிறது. செய்யும் செயலுக்குச் சாட்சி எஞ்சுகிறது. தமிழ்ச் சிறுவர்களை ஈர்த்ததும் அந்தத் தனிக்கையே.

மாயாவியுடன் லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ ஆகியோரின் கதைகளும் முத்து காமிக்ஸில் வெளிவந்தன. இவர்கள் துப்பறிவோரே, மீநாயகர் அல்லர்.

ஸ்பைடர்

சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அவ்வாண்டே ஸ்பைடரின் முதற்கதை எத்தனுக்கு எத்தன் என்ற பெயரில் வந்தது. இந்த ஸ்பைடர் அமெரிக்க ஸ்பைடர் மேன் அல்லர். 1965 இல் பிரித்தானிய லயன் இதழில் டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைந்த பாத்திரம். கூரிய காதும் கருநிற உடையும் கொண்ட இவன் குற்ற உலகின் அரசனாக விரும்புகிறான்; அதற்கென ஒரு குற்றவாளிப் படையைத் திரட்டுகிறான். அறிவியலறிஞர் பெல்ஹாமும் பூட்டுத் திறப்பதில் வல்ல ஆர்டினியும் அவனுக்கு அடங்கிய துணைவர்கள்.

சில கதைகளுக்குப் பின் எழுத்துப் பொறுப்பை ஏற்றவர் ஜெர்ரி சீகல். இவரே 1938 இல் ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். அவர் கையில் ஸ்பைடர் குற்றவாளிகளை ஒழிப்பவனாக மாறினான். செருக்கு மட்டும் மாறவில்லை. சூப்பர்மேனைப் பெரிதும் படித்திராத தமிழ் வாசகர் பலர் சூப்பர்மேனின் ஆசிரியரை இவ்வாறு தாம் அறியாமலேயே படித்துள்ளனர்.

மாயாவி, ஸ்பைடர் இருவரும் தீயோராகத் தொடங்கித் திருந்தியவர்கள் என்பதால், தமிழ் வாசகர் பெற்ற மீநாயக இலக்கணம் அமெரிக்க இலக்கணத்திலிருந்து வேறுபட்டது. ஆற்றல் உடையவன் நல்லவன் என்று அது முன்கூட்டியே உறுதி தரவில்லை. ஆனால் திருந்தும் வாய்ப்பு யாருக்குத் தரப்படுகிறது என்பதும் நோக்கத்தக்கது. இக்கதைகளில் ஐரோப்பியன் ஒருவன் நகரையே அச்சுறுத்திய பின்னரும் நாயகனாகலாம். தொலைகிழக்கிலிருந்தோ காட்டிலிருந்தோ வரும் எதிரிக்கு அக்கால ஆங்கிலச் சாகசக் கதைகள் அந்த வாய்ப்பைப் பொதுவாகத் தருவதில்லை.

ஃபான்டம்

இனச் சித்தரிப்பு பற்றிய விவாதத்தில் மிகுந்த இடம் பெறுவது ஃபான்டம் கதையாகும். அமெரிக்கரான லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று இதை நாளிதழ்த் தொடராகத் தொடங்கினார். ரே மூர் வரைந்தார். தந்தையைக் கடற்கொள்ளையரிடம் இழந்து கரையொதுங்கிய ஐரோப்பியன் ஒருவன் 16 ஆம் நூற்றாண்டில் தீமையை எதிர்க்க உறுதி பூணுகிறான். அவன் வழிவந்த ஆண்மக்கள் தலைமுறை தலைமுறையாக அதே உடையும் முகமூடியும் அணிகின்றனர். கதை நிகழும் காலத்தவர் 21 ஆவது ஃபான்டம்.

இவருக்கு இயல்பு கடந்த ஆற்றல் எதுவும் இல்லை. அவருடைய ஆற்றல் ஒரு நம்பிக்கை: அவர் சாகாதவர், நானூறு ஆண்டுகளாக ஒரே ஆள் என்று காட்டு மக்கள் நம்புகின்றனர். குரன் தலைமையிலான பந்தர் குள்ளர்கள் மட்டும் உண்மை அறிந்தவர்கள். ஏனைய குடிகளின் அமைதி அந்த அறியாமையின் மீதே நிற்கிறது. மக்களை ஏமாற்றி அவர்களுக்கு நன்மை செய்யலாமா என்பது அறவியலின் பழைய வினா. இக்கதையில் ஏமாற்றுபவர் வெள்ளையர், ஏமாறுவோர் கறுப்பர் என்று அமைந்ததால் அவ்வினா இனத்தின் வினாவாகவும் ஆகிறது. ஐரோப்பியர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் ஆண்ட காலத்தில், உள்ளூர் மக்கள் தம்மைத் தாமே ஆளத் தெரியாதவர்கள் என்ற வாதம் எங்கும் பரவியிருந்தது. ஃபான்டம் அவ்வாதத்தின் கனிவான வடிவம் என்று திறனாய்வாளர் கூறுவர்.

கதைக்களத்தின் வரலாறும் குறிப்பிடத்தக்கது. தொடக்கக் கதைகளில் அது வங்காளத்தை நினைவூட்டும் ஓர் ஆசிய நாடு; கடற்கொள்ளையர் பெயர் சிங். கிப்ளிங்கின் காட்டுக் கதைகளும் டார்சானும் தமக்கு உந்துதலாக இருந்ததை ஃபாக் மறைத்ததில்லை. பின்னர் அந்நாடு மெல்ல ஆப்பிரிக்காவிற்கு நகர்ந்து பங்கல்லா ஆயிற்று. ஆசியா, ஆப்பிரிக்கா எதுவாயினும் கதைக்கு வேறுபாடில்லை என்பதே இந்நகர்வு காட்டும் செய்தி. குள்ளர்களின் குடிப்பெயரான பந்தர் என்பதற்கு இந்தியில் குரங்கு என்று பொருள்.

1960களில் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றபோது ஃபாக் தம் கதையையும் மாற்றினார். பங்கல்லா விடுதலை பெற்ற மக்களாட்சி நாடாயிற்று. மருத்துவரான லமாண்டா லுவாகா அதன் குடியரசுத் தலைவரானார். காட்டுக் காவற்படைக்கும் பின்னாளில் வொருபு என்னும் ஆப்பிரிக்கரே தளபதியானார். எனினும் அப்படையின் கண்காணாத் தலைமை ஃபான்டத்திடமே இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஒன்று இருக்கையில், யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத முகமூடி மனிதர் ஒருவரின் அதிகாரம் எதற்கு என்ற கேள்விக்குக் கதை விடை தரவில்லை.

கபால முத்திரை

ஃபான்டத்தின் ஒரு கை மோதிரம் கபால வடிவமுடையது. அவரிடம் அடிபட்ட தீயோரின் முகத்தில் அக்கபாலத்தின் தழும்பு பதிந்துவிடும். வாழ்நாள் முழுதும் அழியாது. மறுகை மோதிரத்தின் முத்திரை அவருடைய பாதுகாப்பைப் பெற்றோருக்கு உரியது. சிறுவர் கதையாகப் படிக்கையில் இது சுவையான உத்தி. அறநோக்கில் இது விசாரணையின்றி விதிக்கப்படும் ஆயுள் தண்டனையாகும். திருந்தியவனும் கபாலத்தைச் சுமக்க வேண்டும்.

தமிழக வாசகருக்கு இது வெறும் கற்பனை அன்று. 1871 இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். சில சாதிகளில் பிறந்தோர் கைரேகை பதிவு செய்து, காவல் நிலையத்திற்குத் தெரிவிக்காமல் ஊர்விட்டு நகர இயலாதவாறு அது கட்டுப்படுத்தியது. இதை எதிர்த்த பிறமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிரிழப்பு ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது. உடலில் பதிந்த அடையாளத்தைக் கொண்டு ஒருவனை என்றென்றும் குற்றவாளி என்று முடிவு செய்யும் கதை, அத்தகைய சட்டத்தின் கீழ் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளாலும் விரும்பிப் படிக்கப்பட்டது. அவர்கள் தம்மை முத்திரை குத்துபவரின் இடத்திலேயே வைத்துப் படித்திருக்க வேண்டும்.

இந்தியப் பதிப்புகளில் மாற்றங்கள்

டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கி ஃபான்டம் கதைகளை வெளியிட்டது. 1990 வரை நடந்த இவ்வெளியீடு தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும் வந்தது. தமிழில் ராணி காமிக்ஸ் இவரை முகமூடி வீரர் மாயாவி என்ற பெயரில் புகழ்பெறச் செய்தது. இதனால் தமிழ் வாசகருக்கு இரு மாயாவிகள் ஆயினர்; சிறுவர்கள் குழம்பியதாகத் தெரியவில்லை. இந்தியில் வேதாள் என்றும் வங்காளத்தில் அரண்யதேவ் என்றும் பெயரிட்டனர். வேதாளம் மரத்தில் தொங்கும் பேய். அரண்யதேவ் காட்டுத் தெய்வம். ஒரே மனிதர் மொழிக்கு மொழி பேயாகவும் தெய்வமாகவும் மாயக்காரராகவும் ஆனார்.

இந்திரஜால் பதிப்பாசிரியர்கள் நாட்டின் பெயரை டெங்காலி என்று மாற்றினர். சிங் கடற்கொள்ளையர் சிங்கா ஆயினர். ஃபான்டத்தின் தந்தையைக் கொன்ற இராமா என்பவனின் பெயர் இராமாலு ஆயிற்று. வங்காளிகளோ சீக்கியரோ இராமபக்தரோ மனம் வருந்தக் கூடாது என்ற கருத்து இதில் தெளிவு. மூலக்கதை ஆசியரை இழிவாகக் கண்டது என்பதை இந்தியப் பதிப்பாளர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இம்மாற்றங்களே சான்று.

ஆனால் திருத்தம் அந்த எல்லையோடு நின்றது. இலை தழை உடுத்திய, ஈட்டி ஏந்திய, மூடநம்பிக்கையில் உழலும் காட்டு மக்களின் படங்கள் மாறவில்லை. ஆங்கிலத்தில் பிக்மி எனப்பட்டோர் தமிழில் குள்ளர் ஆயினர். மத்திய ஆப்பிரிக்காவின் உண்மையான மக்களைக் குறித்த சொல், தமிழில் உடற்குறையைச் சுட்டும் கேலிச்சொல்லாகச் சுருங்கியது. அக்காலத் தமிழ் வாசகருள் ஆப்பிரிக்கரை நேரில் அறிந்தோர் மிகச் சிலர். படக்கதையே பலருக்கு ஆப்பிரிக்கா பற்றிய முதற்பாடம். அதனால் இத்திருத்தத்தின் குறைவு சிறியதென்று ஒதுக்க இயலாது.

மார்த்தினிக்கில் பிறந்த பிரான்சு ஃபனோன் 1952 இல் வெளியிட்ட நூலில், டார்சான் கதைகளையும் படக்கதைகளையும் படிக்கும் கறுப்பினச் சிறுவன் தன்னை வெள்ளை நாயகனோடு ஒன்றாக்கிக்கொண்டு கறுப்புத் தீயோனை வெறுக்கக் கற்கிறான் என்று விளக்கினார். தமிழ்ச் சிறுவரின் நிலை இதற்கு நெருக்கமானது, ஆயினும் ஒன்றன்று. அவர்கள் கதையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அச்சு முறையும் இதில் ஒரு பங்கு வகித்தது. தமிழ்ப் பதிப்புகள் பல கறுப்பு வெள்ளையில் மலிவுத் தாளில் அச்சாயின. கோட்டோவியத்தில் நாயகனின் முகம் மை படாத தாள். அதற்கு எந்த நிறத்தையும் வாசகன் இட்டுக்கொள்ளலாம். ஆப்பிரிக்கரின் முகத்திற்கோ மை பூசப்பட்டிருக்கும். நிறம் என்பது மற்றவருக்கு மட்டுமே உரியது என்று அப்பக்கங்கள் சொல்லாமல் சொல்லின.

வாசகர்கள் எப்போதும் பணிந்து படிப்பவர் அல்லர். பப்புவா நியூகினியின் வாகி மக்கள் தம் போர்க் கேடயங்களில் ஃபான்டம் உருவத்தை வரைந்துகொண்டனர். சாகாத வீரன் என்ற கருத்தை அவர்கள் தமதாக்கிக்கொண்டனர். அவருடைய நிறத்தைப் பொருட்படுத்தவில்லை.

லோதார்

ஃபாக் 1934 இல் படைத்த மாண்ட்ரேக் கதையில் மந்திரவாதிக்குத் துணையாக வரும் லோதார், ஏழு நாடுகளின் இளவரசர். உலகின் வலிமை மிக்க மனிதர் என்று சொல்லப்படுபவர். அவரே அரசுரிமையை விட்டு மாண்ட்ரேக்கின் பணியாளாக வந்துவிடுகிறார். முற்காலக் கதைகளில் சிறுத்தைத்தோல் உடுத்திக் கொச்சை ஆங்கிலம் பேசினார். ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் 1965 முதல் வரையத் தொடங்கிய பின் உடையும் பேச்சும் மாறி நண்பர் என்ற நிலைக்கு உயர்ந்தார். குற்றத்தை எதிர்த்துப் போரிட்ட முதல் கறுப்பின வரைகதைப் பாத்திரங்களுள் ஒருவர் என்ற பெருமையும் அவருக்குண்டு. மாண்ட்ரேக்கின் ஆற்றல் மனத்தில், லோதாரின் ஆற்றல் தோளில் என்ற பங்கீடே இனச் சித்தரிப்பின் பழைய இலக்கணம்.

அமர் சித்திரக் கதையும் நிறமும்

வெளிநாட்டுக் கதைகளை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. அனந்த் பை 1967 இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை இந்தியப் புராணங்களை இந்திய ஓவியர் கையால் தந்தது, தமிழிலும் வெளிவந்தது. தேவர்களும் அரசர்களும் வெளிர்நிறத்தினர், அசுரரும் அரக்கரும் கருநிறத்தினர், பருத்த உடலினர் என்ற பாகுபாடு அதில் பரவலாக உள்ளதென்று ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். நந்தினி சந்திரா, கார்லைன் மெக்லெய்ன் ஆகியோரின் நூல்கள் இவ்வெளியீட்டை விரிவாக ஆய்ந்தவை. கிருஷ்ண என்ற வடசொல்லுக்கே கறுப்பு என்று பொருள். ஆயினும் கண்ணன் படங்களில் நீலமாகவே இருக்கிறான்.

இவ்வழக்கம் படக்கதையோடு தொடங்கியதன்று. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் மாணவரும் வரைந்து சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள் தமிழ் வீடுகளின் சுவர்களில் நீலக் கண்ணனையும் செவ்வொளி முருகனையும் நிலைநிறுத்தின. முத்து காமிக்ஸ் பிறந்ததும் அதே அச்சு நகரில்தான்.

2017 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் டார்க் இஸ் டிவைன் என்ற படவரிசையை வெளியிட்டனர். இலட்சுமி, சரசுவதி, முருகன் முதலிய தெய்வங்களைக் கருநிற மாந்தரைக் கொண்டு காட்டிய இப்படங்கள் பரவலான பேச்சை எழுப்பின. தெய்வம் கறுப்பாக இருப்பது செய்தியாகும் அளவிற்கு வழக்கம் வேரோடியிருந்தது.

அமெரிக்காவில்

அமெரிக்க மீநாயகக் கதைகளில் கறுப்பினத்தார் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 1954 இல் பதிப்பாளர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட வரைகதை விதித்தொகுப்பு வன்முறையையும் பேய்க்கதைகளையும் தடுத்தது. அதன் அலுவலர் ஒருவர் 1956 இல், விண்வெளி வீரர் கறுப்பர் என்று இறுதிப் படத்தில் வெளிப்படும் ஒரு கதையின் மறுவெளியீட்டிற்கு மறுப்புத் தெரிவித்தார். இ.சி. காமிக்ஸ் பணியாமல் வெளியிட்டது. இந்தியாவிலும் அதே 1956 இல் இளையோருக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கவலை குற்றமும் கொடுமையும். இனப் பாகுபாடு அன்று.

1966 இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பிளாக் பாந்தரை அறிமுகம் செய்தனர். வகாண்டா என்னும் அவர் நாடு எவருக்கும் அடிமைப்படாதது, தொழில்நுட்பத்தில் முந்தியது. ஃபான்டத்தின் பங்கல்லாவிற்கு நேர் எதிரான கற்பனை இது: காட்டைக் காப்பவர் அக்காட்டின் மகனே. 1969 இல் ஃபால்கன், 1972 இல் லூக் கேஜ், 1975 இல் ஸ்டார்ம் ஆகியோர் தொடர்ந்தனர்.

ஆற்றலின் அறத்தையும் இனத்தையும் நேருக்கு நேர் நிறுத்திய கதை 1970 இல் டென்னிஸ் ஓ நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த கிரீன் லாண்டர்ன் இதழாகும். அண்டத்தின் பல கோள்களில் பல நிற உயிர்களைக் காத்த நாயகனை எளிய கறுப்பின முதியவர் ஒருவர் எதிர்கொண்டு, இப்புவியில் கறுப்பருக்கு நீ செய்தது என்ன என்று கேட்கிறார். நாயகன் தலைகுனிகிறான். தீங்கு செய்யாதிருத்தல் மட்டும் போதுமா, ஆற்றல் உடையவன் எதைக் காணத் தவறினான் என்பதற்கும் பொறுப்பாளியா என்பதே அம்முதியவரின் வினா.

இந்திய மீநாயகர்

2004 இல் கோதம் காமிக்ஸ் வெளியிட்ட ஸ்பைடர் மேன் இந்தியா தொடரில் பவித்ர பிரபாகர் என்னும் மும்பைச் சிறுவன் நாயகன். அவனுக்குச் சிலந்தி கடித்து ஆற்றல் வரவில்லை. யோகி ஒருவர் தருகிறார். கதிரியக்கத்தின் இடத்தில் வரம் வந்து அமர்ந்தது. 2023 இல் வந்த அசைபடத்தால் இவன் உலகெங்கும் அறியப்பட்டான்.

தமிழில் சொந்தமாக வேரூன்றிய வரைகதை மீநாயகர் அரிது. இந்தியாவெங்கும் டிங்கிள் இதழால் அறியப்பட்ட தமிழ்ப்பெயருடைய பாத்திரம் சுப்பாண்டி என்னும் அசட்டுப் பணியாள். மீநாயகர் தமிழுக்குத் திரைவழியே வந்தனர். மிஷ்கினின் முகமூடி 2012 இல் வெளிவந்தது. மடோன் அஸ்வின் இயக்கிய மாவீரன் (2023) படத்தின் நாயகன் ஒரு வரைகதை ஓவியன். குடிசைப்பகுதியிலிருந்து தரமற்ற அடுக்ககத்திற்கு மாற்றப்பட்ட குடும்பத்தவன். அவனுக்குக் கிடைக்கும் ஆற்றல் அவனே விரும்பாத ஒரு குரல். தான் வரைந்த வீரனைப் போல் தான் வாழவில்லை என்பதே அவன் சிக்கல்.

மலையாளத்தில் பாசில் ஜோசப் இயக்கிய மின்னல் முரளி (2021) ஒரே இரவில் ஒரே மின்னல் இருவரைத் தாக்குவதாகத் தொடங்குகிறது. ஊர் விரும்பும் தையற்காரன் நாயகனாகிறான். ஊர் ஒதுக்கிய தேநீர்க்கடைப் பணியாளன் தீயோனாகிறான். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்த இப்பாத்திரத்தின் மீது பார்வையாளர் பலர் இரக்கம் கொண்டனர். ஆற்றல் இருவருக்கும் ஒன்றே. அவ்வாற்றலுக்கு முன்பு அவர்களை ஊர் நடத்திய முறை வேறு. 1972 இல் கிராண்டெலுக்குக் கிடைத்த மன்னிப்பு இவனுக்குக் கிடைப்பதில்லை.

மறுபதிப்பும் விவாதமும்

பழைய கதைகளை மீண்டும் அச்சிடுகையில் இனச் சித்தரிப்பை என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பெல்ஜிய ஓவியர் எர்ஜே, காங்கோவில் டின்டின் கதையை 1946 இல் தாமே திருத்தி வரைந்தார். அதை இனவெறி நூலாக அறிவிக்கக் கோரிய வழக்கை பெல்ஜிய நீதிமன்றம் 2012 இல் தள்ளுபடி செய்தது. விளக்கக் குறிப்புடன் முழுமையாக வெளியிடுதல் வேறொரு வழி.

ஃபான்டம் நாளிதழ்த் தொடரை 2010 முதல் ஹெர்மீஸ் பிரஸ் நிறுவனம் முதல் வடிவிலேயே தொகுத்து வெளியிட்டது. டெங்காலியையும் சிங்கா கடற்கொள்ளையரையும் அறிந்து வளர்ந்த இந்திய வாசகர், அத்தொகுப்புகளில் கொள்ளையரின் பெயர் சிங் என்பதைக் காணலாம்.